கண்ணாடிக் கோயிலுக்குக் கிளம்பினோம்!

எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ஜலசந்திக்கு அப்பால் ஜோகூர் பாருவின் கட்டடங்கள் தெரியும். நாங்கள் இருப்பது சிங்கப்பூர், அது மலேசியா. நடுவே 1924-ல் திறந்த கடற்பாலம், ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அவ்வளவு தூரத்தைக் கடப்பதற்குள் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்!

2023 தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுசு உடுத்தி, ஒன்பது மணிக்கே காரில் கிளம்பிவிட்டோம். பத்தரைக்கு ராஜகாளியம்மன் தரிசனம், பன்னிரண்டுக்கு அங்கேயே குடியிருக்கும் அண்ணி வீட்டில் விருந்து. இது என்னவர் போட்ட திட்டம். 1922-ல் சிறியதாகத் தொடங்கிய அந்தக் கோயிலில் இப்போது சுவர், தூண், விதானம் எங்கும் கண்ணாடித் துண்டுகள். மூன்று லட்சம் இருக்கும் என்கிறார்கள். என் மகனுக்கு அதைப் பார்க்க அத்தனை ஆசை.

சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்ட, பெட்ரோல் டாங்கி முக்கால் பாகமாவது நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். மறக்காமல் நிரப்பினார். பெற்ற தாயின் வயிறு நிறைந்திருக்கிறதா என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

என் மாமியாருக்கு வெகு நாளாகச் சர்க்கரை வியாதி. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். "மத்தியானம் பொண்ணு வீட்டுல விருந்து இருக்கேம்மா" என்று ஒரே ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார்.

சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியிலேயே இரண்டு மணி நேரம் போயிற்று. பிறகு பாலத்தின் நடுவில் கார்கள் அசையவே இல்லை. திரும்பவும் வழியில்லை. மணி பன்னிரண்டரை. அத்தை பேச்சை நிறுத்தியிருந்தார். "களைப்பு, தூங்கட்டும் விடு" என்றார் இவர். ஏ.ஸி. காரில் அத்தையின் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. கையைத் தொட்டேன்; சில்லென்று நடுங்கியது. "அத்தை, என்ன பண்ணுது?" என்றால், "பால் பொங்கிடுச்சா?" என்கிறார்!

எனக்கு வயிற்றைக் கலக்கியது. டப்பா நிறைய அதிரசம், முறுக்கு, லட்டு. லட்டைப் பிட்டு வாயில் வைத்தேன், மெல்லவே தெம்பில்லை. பாட்டிலில் வெறும் தண்ணீர். இறங்கிப் பக்கத்துக் காரின் ஜன்னலைத் தட்டினேன். ஒரு மலாய்ப் பெண், பின்னால் இரண்டு குழந்தைகள். என் அரைகுறை மலாயைக் கேட்டதும், குழந்தை கையிலிருந்த பார்லி பாக்கெட்டை வாங்கி, தானே ஓடி வந்து, குழலை அத்தையின் உதட்டில் வைத்தாள். "மினும், மினும்" என்றாள். குடி, குடி என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினார். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றாரே பார்க்கலாம்! அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் கோயிலுக்கா போவோம்? நேரே டாக்டரிடம்தான். "மாத்திரை போட்டுட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடலாமா?" என்று கோபித்துக்கொண்டார். இந்த மாதிரி சமயத்தில் நெய்ப் பலகாரம் உதவாதாம். கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ரத்தத்தில் கலக்க நேரமாகும். மூன்று சிறு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரை டம்ளர் பழரசமோ கொடுத்துக் கால் மணி பார்க்க வேண்டும். தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் இட்லியோ பிஸ்கட்டோ. நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்; உடனே ஆம்புலன்ஸ்தான்.

அண்ணி அடுக்குப் பாத்திரத்தோடு அங்கேயே வந்து, தம்பியை ஒரு பிடி பிடித்துவிட்டு, அம்மாவுக்குப் பிசைந்து ஊட்டினார். ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் தீபாவளி விருந்து! இரவு வீடு திரும்பப் பதினொரு மணி. கோயிலை இன்னும் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் அத்தையின் கைப்பையில் எப்போதும் இரண்டு பார்லி பாக்கெட் இருக்கும். ஒன்றை என் மகன் குடித்துவிடுகிறான் என்பதால், மூன்றாக வைக்கிறேன்.