ராஜா முட்டை போட்டிருக்கிறாள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ராஜா செவ்வாய்க்கிழமை காலையில் முட்டை போட்டிருக்கிறாள். ஆமாம், இனி ‘ள்’தான். ஆண்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னதாகச் சொன்னாயே! இந்த ரோஜாமுக ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸில் ஆண், பெண் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்ற பேரில் விற்கும் பட்ஜியில் மூக்கைப் பார்த்துச் சொல்லலாம், பெரும்பாலும் நீலம் என்றால் ஆண். இதில் அந்த வித்தை பலிக்காது.

எனக்குத்தான் முன்பே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். சாயங்காலம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கூண்டைத் திறந்தால் நேரே தினசரி காலண்டருக்குத்தான் போவாள். தாளின் ஓரத்தைத் தையல் மெஷின் மாதிரி கடித்துக்கொண்டே போய் விரல் நீளத்துக்கு ஒரு பட்டையைக் கிழிப்பாள். அதை அலகில் தூக்கிப் போக மாட்டாள். தலையைத் திருப்பி, வாலுக்கு மேலே இடுப்பு இறகுக்குள் செருகிக்கொள்வாள். ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றையும் செருகிக்கொண்டு ஹாலைச் சுற்றுவாள். பாதி வழியிலேயே உதிரும், திரும்ப வந்து கிழிப்பாள். விளையாட்டு என்று நானும் தாளைப் பிடித்துக்கொடுத்தேன். கூடு கட்டப் பொருள் சேர்க்கிறாள் என்று இப்போதுதான் புரிகிறது.

முட்டையை எடுக்கவில்லை. எடுத்தால் ஈடுகட்ட மேலும் போடுவாளாம், உடம்பில் சுண்ணாம்புச் சத்து கரைந்துவிடும். சலித்து அவளே விட்டுப் போகட்டும். கடல் நுரையும் முருங்கைக்கீரையும் வைக்கிறேன். கூடு கட்டும் ஆசை அடங்கட்டும் என்று காலண்டரைக் கழற்றிவிட்டேன், கூண்டையும் இருட்டியதுமே மூடிவிடுகிறேன். நான்ஸ்டிக் தவாவையும் தூக்கிக் கொடுத்தாயிற்று, அதிகம் சூடேறினால் அதன் புகையே பறவைக்கு எமன்.

துணைக்கு ஃபிஷர் வகை ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னாய். வேண்டாம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து வில்லியம் டில்கர் இந்த இரண்டு வகையையும் கலந்து குஞ்சு பொரிக்க வைத்து, 1962-இல் அதைப் பற்றி எழுதினார். ஃபிஷர் அலகில் தூக்கிப் போகும் ஜாதி. கலப்புக் குஞ்சுகளுக்கோ இரண்டும் சரியாக வரவில்லை. செருகும், விடத் தெரியாமல் இழுக்கும், கீழே போடும். அலகில் தூக்கிப் போகப் பழகவே மூன்று வருஷம் ஆயிற்றாம். அந்தப் பாவம் நமக்கெதற்கு? அவளுக்கு இப்போது ஜோடி நான்தான். நைட்டிக் கைக்குள் புகுந்து தூங்குகிறாள், பொத்தான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தினம் இரண்டு மணி நேரம் போகிறது, போகட்டும். என்னால் முடியாத நாள் வந்தால் அவள் இனத்திலேயே ஒன்று பார்ப்போம். அதையும் ஒரு மாதமாவது தனிக் கூண்டில், வேறு அறையில் வைத்துவிட்டுத்தான்.

அடுத்த முறை வரும்போது தினை இரண்டு கிலோ வாங்கி வா. அப்படியே ஒரு காலண்டரும். எங்கள் காலண்டரில் கார்த்திகை வரைக்கும் போய்விட்டது.

அன்புடன்,
அக்கா