ஊர் ஊராய் ஓடும் மாடுகள்

உயிரோடு வைகுண்டம் போய்த் திரும்பி வருவது எல்லோருக்கும் வாய்க்கக் கூடிய பாக்கியம் அல்ல. ஆனால் திருநெல்வேலிக்காரர்களுக்கு அது வெகு சுலபம். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறித் தாமிரபரணியின் தென்கரையோடு கிழக்கே போக வேண்டியது. செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர் ஆகியவற்றைத் தாண்டிப் புதுக்குடியில் இறங்கி, அணைக்கட்டை ஒட்டிய பாலத்தைக் கடந்தால் ஸ்ரீவைகுண்டம் வந்துவிடும். திரும்பி வருவதற்கும் பஸ் உண்டு என்பதுதான் இந்த வைகுண்டத்தின் விசேஷம்.

சென்ற வைகாசியில் நாமும் நமது படக்கார நண்பரும் அங்கே போனது கள்ளபிரானைச் சேவிப்பதற்காகத்தான். நவதிருப்பதிகளில் முதலாவது தலம் அது. குமரகுருபர சுவாமிகள் பிறந்த ஊர் என்ற பெருமையும் அதற்கு உண்டு. தரிசனம் முடித்துவிட்டுச் சாயங்காலம் அணைக்கட்டுப் பக்கம் காற்று வாங்கப் போனோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி. 1870-களில் கட்டி முடிந்தது. வடகால், தென்கால் என்ற இரண்டு வாய்க்கால்களுக்கும் இங்கே தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள ஆறு புன்னைக்காயலுக்குப் போய்க் கடலில் கலக்கிறது.

அந்தச் சாயங்கால வெளிச்சத்தில் ஒரு காட்சியைக் கண்டு படக்கார நண்பர் அப்படியே நின்றுவிட்டார். ஆற்றிலே நாலைந்து ஜோடிக் காளைகள் நீந்திக்கொண்டிருந்தன. கழுத்துக்கு மேலே கொம்பும் திமிலும் மட்டுமே தெரிந்தன. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்களும் கூடவே நீந்தினார்கள். உழவு மாட்டை இவ்வளவு பக்குவமாக யாரும் குளிப்பாட்டி நாம் பார்த்ததில்லை.

கரையில் டீக்கடை வைத்திருந்தவரிடம் விசாரித்தோம்.

"பந்தய மாடுல்லா, அண்ணாச்சி! நாளைக் காலையிலே தெக்கே ஒரு ஊர்லே கொடை. வண்டிப் பந்தயம் விடுதாங்க. அதுக்கு வந்த மாடு. இருந்து பாத்துட்டுப் போங்க. இதை விட்டுட்டு எங்க போறிய?" என்றார் அவர்.

நாம் எங்கும் போகவில்லை. மறுநாள் ஆழ்வார்திருநகரிக்குப் போவதாக இருந்த திட்டம் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. நம்மாழ்வார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நண்பர் தைரியம் சொன்னார்.

இரவு ஏழு மணிக்குத் தென்கரையில் ஒரு புளியந்தோப்புக்குப் போனோம். அங்கே ஏழெட்டுச் சிறிய லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு லாரிக்குப் பக்கத்திலும் ஒரு ஜோடி மாடு. மாட்டுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் அடுப்பு. மாட்டுக்குக் காணப் பயறு வெந்துகொண்டிருந்தது. மனிதர்களின் சோறு அதற்குப் பிறகுதான் அடுப்பில் ஏறியது. பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து வாளியில் வைத்திருந்தார்கள். அந்தப் பாலுக்கு இருந்த மரியாதையைப் பார்த்தால், மறுபிறப்பில் பந்தய மாடாகப் பிறந்தாலும் குறைவில்லை என்று தோன்றியது. இந்த அபிப்பிராயத்தை மறுநாள் காலையில் சிறிது மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

தோப்பில் இருந்தவர்களில் உள்ளூர்க்காரர்கள் சிலர்தான். தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து வந்தவர்களே அதிகம். தை மாதத்தில் தொடங்கினால் கொடையும் திருவிழாவும் நடக்கும் ஊர்களைத் தேடி இவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இன்று ஒட்டப்பிடாரம் பக்கம், நாலு நாளில் சிவகங்கைச் சீமை, அப்புறம் புதுக்கோட்டை. எந்த ஊரில் எப்போது பந்தயம், எத்தனை மைல், என்ன பரிசு என்ற விவரமெல்லாம் இப்போது கைத் தொலைபேசியில் வந்துவிடுகிறது. முன்னெல்லாம் சுவரொட்டியையும் சந்தைப் பேச்சையும் நம்பிப் புறப்பட்டார்களாம்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு நாடோடிக் கூட்டம் உண்டு. மண் தடத்தில் மோட்டார் வண்டி ஓட்டும் பந்தயத் தொடர் ஒன்று அங்கே 1978-ல் தொடங்கியது. அதன் ஓட்டக்காரர்கள் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வருஷத்தில் பல மாதம் ஊர் ஊராய்ப் போகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் செய்வதும் அதுதான். ஒரே ஒரு வித்தியாசம். மோட்டார் கெட்டுப் போனால் வேறு உறுப்பை வாங்கி மாட்டிவிடலாம். மாட்டின் காலுக்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

பந்தயத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்து ரேக்ளா வேறு, தெற்குச் சீமையின் வண்டிப் பந்தயம் வேறு. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேர்ப் பாதையில் ஒவ்வொரு வண்டியாக விட்டு, எத்தனை வினாடி என்று கணக்குப் பார்ப்பார்கள். இங்கேயோ வண்டிகள் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு, மைல் கணக்கில் ரஸ்தாவிலே ஓடி, எல்லையைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும். எல்லையை 'எல்கை' என்பது இவர்கள் வழக்கு. மாட்டின் உயரத்தையும் பருவத்தையும் பார்த்துப் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிக்கிறார்கள். பூஞ்சிட்டும் தேன்சிட்டும் இளங்கன்றுகளுக்கு இட்ட பெயர்கள். பெயர் வைத்தவர் யாரோ, கவியுள்ளம் படைத்தவராக இருக்க வேண்டும்.

வண்டிக்கு இரண்டு பேர். சாரதி வண்டியில் இருந்து கயிற்றைப் பிடிப்பார். துணைச் சாரதி பக்கத்திலே ஓடுவார். இடையிடையே வண்டியில் தாவி ஏறுவார். எல்லையில் குதித்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டைத் திருப்புவார். மாட்டுக்கு நாலு கால், இவருக்கு இரண்டு கால் என்பதைத் தவிர ஓட்டத்தில் அதிக வித்தியாசம் இல்லை.

தோப்பின் கோடியில் இருந்த சிவகங்கைக்காரர் ஒருவரின் கட்டிலில் நமக்கு இடம் கிடைத்தது. வயது அறுபது இருக்கும். அவருடைய மகன்தான் சாரதி. "இதில் லாபம் உண்டா?" என்று பட்டணத்துக்காரர்கள் கேட்கும் கேள்வியை நாமும் கேட்டோம். பெரியவர் சிரித்தார்.

"மொதப் பரிசே வாங்கினாலும், லாரி வாடகை, தீவனம், ஆள் கூலி போக மிஞ்சுறது தோள்ல போட்ட துண்டும் ஒரு குத்துவிளக்கும்தான் ஐயா. லாபம் பாக்கிறவன் மாடு வளர்க்க மாட்டான்" என்றார்.

"பின்னே எதற்காக?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "உழவுக்கு டிராக்டர் வந்திருச்சு. பாரத்துக்கு லாரி வந்திருச்சு. காளை மாட்டுக்கு வேற என்ன வேலை இருக்கு? வேலை இல்லாத மாட்டை எத்தனை நாளைக்கு வச்சிருப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

நாம் உட்கார்ந்திருந்த ரஸ்தாவின் கதையே அதற்குச் சாட்சி. 1923-ல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் வரும் வரையில், முருகனைத் தரிசிக்கப் போன குடும்பங்களை எல்லாம் இந்த வழியே இழுத்துச் சென்றவை மாடுகள்தாம். ரயில் வந்தது, பஸ் வந்தது, வில்வண்டி போயிற்று. உழவும் போன பிறகு காளைக்கு மிஞ்சியது கசாப்புக்கடை அல்லது பந்தயம்.

ஆனால் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. 2014-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. மாட்டின் உடலமைப்பு பந்தய ஓட்டத்துக்கு ஏற்றது அல்ல, வலிக்கும் அச்சத்துக்கும் பயந்தே அது ஓடுகிறது என்று நீதிபதிகள் கருதினார்கள். 2017 ஜனவரியில் மெரினாக் கடற்கரையிலும் ஊர்தோறும் இளைஞர்கள் திரண்டதும், தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதும் நேயர்களுக்குத் தெரியும். 2023-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி, ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று ராஜ்யங்களின் திருத்தங்களும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பந்தயம் பிழைத்தது. ஆயினும் கூர்முனையுள்ள கோலால் வண்டி மாட்டை ஓட்டலாகாது என்று 1965-ம் வருஷத்து விதிகளிலேயே இருக்கிறது. அதாவது, தார்க்குச்சிக்கு எந்தத் தீர்ப்பிலும் மன்னிப்புக் கிடையாது.

இதைப் பற்றிப் பெரியவரிடம் கேட்க வாயெடுத்தோம். அதற்குள் மகன் வந்து, தாழ்ந்த குரலில், "வலத்து மாடு காலைத் தாங்குதுப்பா" என்றான்.

பெரியவர் எழுந்து போனார். நாமும் பின்னால் போனோம். லாந்தர் வெளிச்சத்தில் மாட்டை நாலடி நடக்க விட்டுப் பார்த்தார். நமது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் குனிந்து பின்னங்காலைத் தூக்கி, குளம்பின் பிளவில் விரலை வைத்து அழுத்தினார். மாடு ஒரு முறை உடலைச் சிலிர்த்தது. அவ்வளவுதான். காலை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்குப் பூட்ட வேண்டாம்" என்றார்.

மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. பந்தயத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. நூறு மைலுக்கு மேல் லாரி வாடகை. போன மாதம் ஒரு ஊரில் மழை வந்து பந்தயமே நின்று போனதாம். ஆறு மாதமாக மாட்டுடன் ஓடி ஓடிப் பழகியவன் அவன். "எட்டு மைல்தானேப்பா. சூடு ஏறினா ஓடிரும்" என்று கெஞ்சினான்.

"ஓடும்டா. அடிச்சா ஓடத்தான் செய்யும். அதனாலதான் பூட்டக் கூடாதுங்கிறேன்" என்றார் பெரியவர்.

மகன் பதில் பேசவில்லை. அடுப்பிலிருந்த சோற்றையும் தொடாமல் லாரிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். பெரியவர் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் குளம்பில் வைத்துக் கட்டினார். இரவில் நாம் விழித்தபோதெல்லாம் அவர் மாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

விடிவதற்கு முன்பே ரஸ்தாவின் இரு புறமும் ஜனங்கள் கூடிவிட்டார்கள். பெண்கள் வீட்டுத் திண்ணையிலும் குழந்தைகள் மரக் கிளையிலும் இடம் பிடித்தார்கள். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு வண்டியின் ஊர்ப் பெயரையும் சொன்னார்கள். சிவகங்கை வண்டி ஓடவில்லை என்று அறிவித்ததும், "சே!" என்ற சத்தம் கூட்டத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில் போயிற்று. கொடி அசைந்தது. பெரிய மாடுகள் புறப்பட்டன.

அந்த நிமிஷத்தை வர்ணிப்பதற்கு நம்மிடம் வார்த்தை இல்லை. மணிச் சத்தம் முன்னால் வந்தது. புழுதி பின்னால் வந்தது. நடுவில் ஏதோ ஒன்று நம்மைக் கடந்து போயிற்று. படக்கார நண்பர் எடுத்த முதல் படத்தில் புழுதி மட்டுமே விழுந்திருக்கிறது. வண்டிகளைத் தொடர்ந்து மோட்டார் சைக்கிளில் கூவிக்கொண்டு போன வாலிபர்கள் மாடுகளுக்கும் ஆபத்து, தங்களுக்கும் ஆபத்து. விழாக் கமிட்டியாரும் போலீஸாரும் தடுத்தும் அவர்கள் கேட்கவில்லை. அடியே விழாத பந்தயத்தைக் கண்டோம் என்றும் நாம் எழுத முடியாது. கயிற்றை அசைத்தே ஓட்டிய சாரதிகளும் இருந்தார்கள். வாலை முறுக்கியவர்களும், கம்பை ஓங்கியவர்களும் இருந்தார்கள். மறுபிறப்பைப் பற்றிய நமது அபிப்பிராயம் மாறியது அப்போதுதான்.

இன்னொன்றும் கண்டோம். தேனி வண்டியின் துணைச் சாரதிக்கு இரவில் காய்ச்சல் வந்து ஆள் இல்லாமல் தவித்திருக்கிறார்கள். போன பந்தயத்தில் சிவகங்கை வண்டியைத் தோற்கடித்தது அந்தத் தேனி வண்டிதானாம். இப்போது அதன் பக்கத்திலே தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடியவன் யார் என்று பார்த்தால், நமது சிவகங்கைப் பெரியவரின் மகன்! இரவெல்லாம் சாப்பிடாத பிள்ளை, மற்றவனுடைய மாட்டுக்காக எட்டு மைல் ஓடினான். எல்லையில் அவன் மாட்டைத் திருப்பிய லாகவத்தைக் கண்டு ஜனங்கள் கை தட்டியதாகப் பின்னர் கேள்விப்பட்டோம். தேனி வண்டி இரண்டாவதாக வந்தது.

பெரியவர் ரஸ்தாவுக்கு வரவே இல்லை. தோப்பில் மாட்டுடன் இருந்தார். மகன் மூச்சிரைக்க வந்து, பரிசாகக் கிடைத்த துண்டை அவர் தோளில் போட்டான். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அந்த மாட்டைக் கடைசியில அடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லப்பா."

"சரி, போய்ச் சாப்பிடு."

பகல் பதினொரு மணிக்குத் தோப்பு காலியாகத் தொடங்கியது. கட்டில், பாத்திரம், வண்டி, நுகத்தடி எல்லாம் லாரிகளில் ஏறின. மாடுகளைப் பழக்கப்பட்ட மேட்டுக்கு நடத்திப் போய், அங்கிருந்து லாரிக்குள் ஏற்றினார்கள். தேனிக்காரர்களும் சிவகங்கைக்காரர்களும், "அடுத்த வாரம் பார்ப்போம் மாப்பிள்ளை" என்று விடைபெற்றுக்கொண்டார்கள். வலத்து மாட்டுக்கு அதற்குள் கால் ஆறிவிடுமா என்று நாம் கேட்டோம். "ஆறினா ஓடும். ஆறலேன்னா வேடிக்கை பாக்கும்" என்றார் பெரியவர்.

நாம் புதுக்குடியில் பஸ்ஸுக்காக நின்றபோது அந்த லாரி நம்மைக் கடந்து போயிற்று. முன் ஆசனத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். பெரியவரைக் காணோமே என்று பார்த்தோம். பின்னால் வைக்கோல் மேல், வலத்து மாட்டின் காலடியில் உட்கார்ந்திருந்தார். லாரி குலுங்கும்போது கால் அடிபடாமலிருக்க, அந்தப் புதுத் துண்டை நாலாக மடித்துக் குளம்புக்கு அடியில் வைத்திருந்தார்.