பரோடா மன்னரைச் சிறைவைத்த வீடு... இன்று பெண்கள் படிக்கும் வளாகம்!

சென்னையில் 'டவுட்டன்' என்றதும் பலருக்கும் புரசைவாக்கம் பஸ் ஸ்டாப்தான் நினைவுக்கு வரும். அதே பெயரில் நுங்கம்பாக்கத்தில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. கல்லூரிச் சாலையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரிக்குள், கூவம் கரையை ஒட்டி நிற்கும் டவுட்டன் ஹவுஸ்தான் அது. 1798-ல் பெஞ்சமின் ரோபக் என்ற ஆங்கிலேயர் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த வீடு, பின்னாளில் டவுட்டன் என்ற ராணுவ அதிகாரியின் கைக்கு வந்தது. பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது.

ஆனால், இங்கே அதிகம் பேசப்பட வேண்டியவர் பரோடா மன்னர் மல்ஹர் ராவ் கெய்க்வாட். அரியணை ஏறும் முன்பே அண்ணனால் பல ஆண்டுகள் சிறைவைக்கப்பட்டவர். 1874 நவம்பரில், பரோடாவில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி கர்னல் ஃபேயர் குடித்த சர்பத்தில் விஷமும் வைரப் பொடியும் கலந்திருந்ததாகப் புகார் எழுந்தது. பழி மன்னர் மீது விழுந்தது. லண்டனிலிருந்து பெரிய வக்கீலை வரவழைத்து வாதாடினார் மல்ஹர் ராவ். விசாரணைக் குழுவில் ஆறு பேர். ஆங்கிலேயர் மூவரும் குற்றவாளி என்றார்கள். இந்தியர் மூவரும் அதை ஏற்கவில்லை. விஷக் குற்றச்சாட்டு நிற்காது என்றதும், 'நிர்வாகச் சீர்கேடு' என்று காரணம் காட்டி 1875-ல் பதவியைப் பறித்தது அரசு. நல்ல நிர்வாகி என்று அவரை யாரும் புகழ்ந்ததில்லை என்பதும் உண்மைதான்!

பதவியிழந்தவரை பரோடாவிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் சென்னைக்கு அனுப்பி, இந்த பங்களாவில் காவலில் வைத்தார்கள். 1882-ல் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. அவருக்குப் பதிலாக அரியணையில் அமர்த்தப்பட்ட சிறுவன்தான், பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து பரோடாவில் கட்டாயத் தொடக்கக் கல்வி கொண்டுவந்த மூன்றாம் சயாஜிராவ்.

சென்னையில் பெண்களுக்கான முதல் கல்லூரி 1914-ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி. அடுத்த ஆண்டே 41 மாணவிகளுடன் கீழ்ப்பாக்கத்தில் ஆரம்பமானது மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி. முதல் முதல்வர் எலினார் மெக்டூகல். இடம் போதாமல் 1916-ல் டவுட்டன் ஹவுஸுக்கு மாறினார்கள். நூறாண்டு கடந்தும் கல்லூரியின் அடையாளமாக நிற்கிறது இந்த வீடு. சாலையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாது. பெண்கள் கல்லூரி என்பதால், பார்க்க விரும்புபவர்கள் நிர்வாகத்திடம் முன் அனுமதி கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.