அச்சாகிவிட்ட முகம்

ஊழலைத் துருவி எழுதுகிற நிருபர் அரசியலுக்குப் போனால் என்ன ஆகும்? ஈக்வடார்க்காரர் பெர்னாண்டோ வில்லாவிசென்சியோவைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. 1963-இல் ஆண்டீஸ் மலையில் அலாவுசி என்ற சிற்றூரில் பிறந்தவர். தொண்ணூறுகளில் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோஈக்வடாரில் வேலை, தொழிற்சங்கம். பிற்பாடு நிருபராகி, சீனாவிடம் கடன் வாங்கி எண்ணெயை முன்கூட்டியே விற்ற ஒப்பந்தங்களை வரிவரியாகக் குடைந்தார். வெளியிலிருந்து வந்த நிருபருக்கு அந்தக் கணக்கு அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டிருக்காது.

*

2010 செப்டம்பர் 30. போலீஸ் கலகம். அதிபர் ரஃபேல் கொரேயா போலீஸ் மருத்துவமனைக்குள் சிக்கிக்கொள்ள, ராணுவம் சுட்டுக்கொண்டே போய் மீட்டது. நோயாளிகள் இருக்கிற இடத்தில் படையை ஏவியது குற்றம் என்று வில்லாவிசென்சியோவும், அவர் ஆலோசகராக இருந்த எம்.பி. கிளேவர் ஹிமெனெஸும் புகார் கொடுத்தார்கள். புகார் தள்ளுபடி. அதோடு விடவில்லை; அதிபரை அவதூறு செய்ததாகப் புகார் கொடுத்தவர்களுக்கே 18 மாதச் சிறை, பகிரங்க மன்னிப்பு, சுமார் 1,40,000 டாலர் இழப்பீடு.

அவர் சிறைக்குப் போகவில்லை. 2014-இல் அமேசான் காட்டுக்குள் சரயாக்கு என்ற கிச்சுவா பழங்குடி ஊரில் தஞ்சம் புகுந்தார். அங்கே போகச் சாலை கிடையாது; ஆற்றில் படகு, இல்லாவிட்டால் சிறு விமானம். தன் மண்ணில் எண்ணெய் தேட வந்தவர்களை எதிர்த்து, 2012-இல் அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றத்தில் அரசாங்கத்தையே ஜெயித்த ஊர் அது. எண்ணெய்க் கணக்கு கேட்டவனுக்கு வேறு எந்த ஊர் இடம் கொடுக்கும்!

பிறகு பெருவில் கொஞ்ச காலம். கொரேயா பதவியிலிருந்து இறங்கிய பிறகுதான் நாடு திரும்பினார்.

*

2019 மே மாதம் அவரும் கூட்டாளி கிறிஸ்டியன் சுரிடாவும் வெளியிட்ட செய்திக்கு ‘பச்சை அரிசி’ என்று பெயர். கொரேயாவின் ஆலோசகர் ஒருவருடைய மின்னஞ்சல்களில், எந்தக் கம்பெனி ஆளுங்கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கு இருந்தது. பிரேசிலின் ஓடெபிரெக்ட் உட்பட. அரசு வழக்கறிஞர்கள் அதிலிருந்து வழக்கை எடுத்துப் போனார்கள். 2020 ஏப்ரலில் கொரேயாவுக்கு 8 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு. அவர் அதற்குள் பெல்ஜியத்தில். எல்லாம் அரசியல் பழிவாங்கல் என்கிறார், அந்த நாடு அவருக்கு அடைக்கலமும் கொடுத்துவிட்டது.

நான் கவனிப்பது வேறொன்றை. வில்லாவிசென்சியோ வாழ்க்கையில் சாதித்த பெரிய காரியம் இதுதான். இதைச் செய்தபோது அவர் கையில் எந்தப் பதவியும் இல்லை.

*

2021-இல் எம்.பி. ஆனார். நாடாளுமன்றத்தின் கண்காணிப்புக் குழுவுக்கே தலைவர். துருவுகிறவருக்கு இதைவிட நல்ல நாற்காலி உண்டா என்று அப்போது தோன்றியிருக்கும். ஆனால் குழு என்றால் வாக்கெடுப்பு உண்டு. நிருபருக்குத் தாள் உண்மையாக இருந்தால் போதும். குழுத் தலைவருக்குப் பக்கத்து இருக்கைக்காரரின் கை உயர வேண்டும்.

2023-இல் அதிபர் கில்லெர்மோ லாஸ்ஸோ மீது, அரசு எண்ணெய்க் கப்பல் நிறுவன ஒப்பந்தத்தைக் காட்டி, பதவிநீக்கத் தீர்மானம் வந்தது. வில்லாவிசென்சியோ குழுவில் வைத்த அறிக்கை பதவிநீக்கம் வேண்டாம் என்றது. குழு அதை ஏற்கவில்லை. லாஸ்ஸோவுக்குக் கேடயம் பிடிக்கிறார் என்று எதிரிகள் பேசினார்கள். சான்று போதாது என்று அவர் மனதார நம்பியிருக்கலாம். இருந்தாலும், எண்ணெய் ஒப்பந்த வழக்கில் அதிபர் பக்கம் சாய்ந்த ஒரு குழுத் தலைவரைப் பற்றிப் பழைய வில்லாவிசென்சியோ என்ன எழுதியிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மே 17 அன்று லாஸ்ஸோ நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டார்.

*

இடையில், இதே வழியில் போன ஓர் உக்ரைன் நிருபரின் நினைப்பு. செர்ஹீ லெஷ்சென்கோ, உக்ரைன்ஸ்கா பிராவ்டா பத்திரிகையின் துப்பறியும் நிருபர், 2014-இல் எம்.பி. 2016-இல் கீவ் நகர மையத்தில் விலையுயர்ந்த ஃபிளாட் வாங்கினார். பணம் ஏது? பழைய பத்திரிகை ஆசிரியரிடம் கடன் வாங்கினேன் என்றார். ஊரார் சொத்தைக் கேள்வி கேட்டவரை ஊரார் கேட்டார்கள். நியாயம்தானே. 2019-இல் தோற்றார்.

*

நாடாளுமன்றம் கலைந்ததும் வில்லாவிசென்சியோ அதிபர் வேட்பாளர் ஆனார். களத்தில் 8 பேர். கருத்துக் கணிப்புகளில் முதலிடத்தில் இல்லை. சோனெரோஸ் கும்பல் தலைவன் ‘ஃபிட்டோ’ பெயரில் மிரட்டல் வந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். குண்டு துளைக்காத சட்டை போடமாட்டேன் என்றும் மேடையில் சொன்னார். வீரம்தான், அந்த வீரத்தைக் கூட இருந்தவர்கள் தடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2023 ஆகஸ்ட் 9 மாலை, கீட்டோவின் வடபகுதியில் ஒரு பள்ளியில் கூட்டம் முடிந்து வண்டியில் ஏறும்போது சுட்டுக் கொன்றார்கள். வயது 59. தேர்தலுக்கு 11 நாள் பாக்கி.

வாக்குச்சீட்டு அதற்குள் அச்சாகியிருந்தது. கட்சி முதலில் துணை அதிபர் வேட்பாளரை மேலே ஏற்றப் பார்த்தது. சட்டச் சிக்கல் வரும் என்று பயந்து சுரிடாவை நிறுத்தியது. ‘பச்சை அரிசி’யில் கூட எழுதிய அதே சுரிடா. செத்தவரின் படத்துக்கு நேரே போடும் ஓட்டு உயிரோடிருப்பவருக்குச் சேரும் என்றது தேர்தல் ஆணையம். சுமார் 16 சதவீதம், மூன்றாமிடம்.

*

சுட்டதாகக் கைதான கொலம்பியர்கள் 6 பேர், அதே ஆண்டு அக்டோபரில் குவாயாகில் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். யார் பணம் கொடுத்தார் என்று அவர்களிடம் கேட்க இனி வழியில்லை. 2024 ஜூலையில் 5 பேருக்குத் தண்டனை. சிறைக்குள்ளிருந்தே ஏற்பாடு செய்ததாக லோபோஸ் கும்பல் ஆள் ஒருவருக்கு 34 ஆண்டு 8 மாதம். ஏவியவர்களைப் பற்றித் துப்புக் கொடுத்தால் 50 லட்சம் டாலர் வரை தருவதாக அமெரிக்கா அறிவித்திருந்தது. அந்த 6 பேரும் சிறையில் செத்ததற்கு ஒரு வாரம் முன்னால்தான் அந்த அறிவிப்பு.