சக்கை மரத்தடியில் மரச்சீனி விளையுமா?

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, திருவட்டாறு வழியாகக் குலசேகரம் போகிற பாதை கண்ணுக்குக் குளிர்ச்சியானது. ரப்பர் தோட்டம், வாழைத் தோப்பு, ஓட்டு வீடு, வீட்டுக்கு வீடு ஒரு பலா மரம். குமரி மாவட்டத்தில் பலாவைச் 'சக்கை' என்பார்கள். மரவள்ளிக் கிழங்கு அங்கே 'மரச்சீனி'. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற சீமை. அதனால் இரண்டுமே அங்கே செழிப்பு.

பலா மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பிள்ளை. மரச்சீனியோ தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைக் குடிமக்களிடையே பரப்பினார். 1956 வரை குமரியும் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த பகுதிதானே! இரண்டாம் உலகப் போரில் 1942-ல் பர்மா அரிசி நின்றபோது எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கால்தான்.

போன மே மாதம் குலசேகரம் பக்கத்தில் என் சித்தி வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். வீடு, கிணறு போக, பின்னால் ஆறு சென்ட் தோட்டம். அதில் கிழக்கு ஓரமாக ஒரு பெரிய வருக்கைச் சக்கை. சித்தி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட வருஷம் அவள் மாமியார் ஊன்றிய கொட்டையாம். ஐம்பது வயசு மரம்; அடிமரத்திலும் பெரிய கொம்புகளிலும் காய் தொங்குகிறது.

அந்த மரத்தால்தான் வீட்டில் மனஸ்தாபம். மர வியாபாரி ஒருவர் விலை பேசிவிட்டுப் போயிருந்தார். கதவு, நிலை, கட்டில் என்று பலா மரத்துக்கு நல்ல கிராக்கி அல்லவா!

"இது நிக்கிறதாலதான் மைனி, மரச்சீனி பிடிக்கல்ல. வெட்டினா பணமும் ஆச்சு, வெயிலும் ஆச்சு. மூத்தவளுக்கு ஜூன்ல பீஸ் கட்டணும்" என்றாள் சித்தியின் மருமகள். சித்தி வாய் திறக்கவில்லை. கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சரி, தோட்டத்தைத்தான் பார்ப்போமே என்று எல்லோருமாகப் போனோம். புரட்டாசியில் நட்டது, எட்டு மாசம் ஆகிவிட்டதால் பிடுங்கும் பருவம்தான். மர நிழலில் நின்ற மூட்டைப் பிடுங்கினோம். செடி ஆளை மீறிய உயரம். அடியிலோ விரல் கனத்தில் நாலு வேர்! மேற்கு வேலியோரம் நல்ல வெயிலில் நின்ற மூடு குட்டைதான். ஆனால் கையால் அசைக்க முடியவில்லை. மண்வெட்டி போட வேண்டியதாயிற்று. இரண்டு கிலோவுக்குக் குறையாது.

இதிலேயே விஷயம் விளங்கிவிட்டது. மரச்சீனிக்கு முதல் தேவை நாள் முழுக்க வெயில். நிழலில் அது வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டுமே தவிர, கிழங்கில் மாவு சேர்க்காது. இரண்டாவது, கிழங்கு பருக்க இளகிய மண். மண்ணைக் கொத்திக் கூட்டி, முற்றிய தண்டில் ஒரு சாண் குச்சியை மொட்டு மேல் நோக்கி இருக்கும்படி ஊன்ற வேண்டும். மூன்றடிக்கு ஒன்று என்றால் ஒரு சென்டில் 50 குச்சி நடலாம். வேர் பிடித்தபின் வறட்சியைத் தாங்கும். ஆனால் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். வருஷா வருஷம் சாணி எருவும் சாம்பலும் போட்டே ஆக வேண்டும்.

சக்கையின் குணம் வேறு. கொட்டை காய்ந்துவிட்டால் முளைக்காது. பழத்திலிருந்து எடுத்த கையோடு ஊன்ற வேண்டும். ஆணிவேர் நீளமாக இறங்குவதால், நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது உத்தமம். முதல் இரண்டு மூன்று வருஷக் கோடையில் தண்ணீர் விட வேண்டும். அப்புறம் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். கொட்டைக் கன்று காய்க்க ஏழெட்டு வருஷம். ஒட்டுக் கன்று மூன்று முதல் ஐந்து வருஷத்தில் காய்க்கும். ஒரு மரம் விரிய இரண்டரை சென்ட் இடம் வேண்டும். அடியில் ஆண்டுதோறும் ஆழக் கொத்தினால் அதன் வேர் அறுபடும். இரண்டுக்கும் ஒரே ஒற்றுமை, காலடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் கிழங்கு அழுகும், மரம் பட்டுப்போகும்.

அன்று ராத்திரி மருமகளே கணக்குப் போட்டாள். மேற்கே இரண்டு சென்ட் திறந்த வெயில் இருக்கிறது; 100 மூடு நடலாம். மூட்டுக்கு இரண்டு கிலோ வந்தாலும் 200 கிலோ. மரத்தை வெட்டினால் பணம் ஒரு தடவைதான்.

"மரம் நிக்கட்டும் மைனி. ஆனா கீழ்க் கொம்பை எல்லாம் கோதணும்" என்றாள். சித்தி உடனே, "கோது மக்களே, அடிமரத்துக் காய் போதும்" என்றாள். மறுநாள் மரத்தில் நின்ற காயை மொத்தமாக ஒரு சக்கை வியாபாரிக்குப் பேசிக் கொடுத்தார்கள். பீஸில் பாதி தேறியது. மீதிக்குத் தம்பி வேறு வழி பார்த்தான். மரத்தடியில் மஞ்சளும் இஞ்சியும் நடவும், அடிமரத்தில் நல்லமிளகுக் கொடி ஏற்றவும் முடிவாயிற்று. அவை அரை நிழலைத் தாங்கும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மரச்சீனியைப் பச்சையாகக் கடிக்கக் குழந்தைகளை விடாதீர்கள். அதில் சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலில் அது அதிகம். மேல் தோல், உள் தோல் இரண்டையும் உரித்து, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கிற கிழங்கு வேண்டவே வேண்டாம். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடிவிடும். அதனால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் பிடுங்குங்கள். 100 கிராம் கிழங்கில் புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. குமரியில் மீன் குழம்போடு சாப்பிடுவது ருசிக்கு மட்டுமல்ல. சைவக்காரர்கள் பயறு சேர்த்துக்கொள்ளலாம். வேகவைத்த பலாக்கொட்டையும் நல்லதுதான்.

உங்கள் வீட்டுக் கொல்லையில் வெயில் விழும் ஒரு மூலை இருந்தால், இந்த மழைக்கே பத்து மரவள்ளிக் குச்சி ஊன்றிப் பாருங்கள். சுவரையும் கிணற்றையும் விட்டுத் தள்ளி இடம் இருந்தால், ஒரு பலாக்கொட்டையும் போட்டு வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்!