டீசலில் கலந்த தண்ணீர் யார் கணக்கில்?

எஞ்சின் நின்றுபோய் நடுக்கடலில் மிதக்கும் படகைப் பற்றிய செய்தி கிழக்குக் கரைக்குப் புதிதல்ல. படகைக் கட்டி இழுத்து வந்ததும் ஊர் மூச்சுவிடும். 'இயந்திரக் கோளாறு' என்று எழுதிப் பத்திரிகை முடித்துக்கொள்ளும். அந்தக் கோளாறுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் கல்முனை, சாய்ந்தமருது, ஒலுவில் கரைகளில் படகு எஞ்சின் வேலை செய்யும் பாஸ்மாரின் பக்கம் போனேன். டீசல் எஞ்சின் பிடிவாதமான சாமான். சுத்தமான டீசலும் காற்றும் கிடைக்கும்வரை ஓடும். அதை நிறுத்துவதற்கே டீசலை அடைக்க வேண்டும். ஆகவே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இருமி, வேகம் குறைந்து அணைந்தால், கைதேர்ந்த பாஸ் எஞ்சினைக் கழற்றுவதில்லை. தாங்கியிலிருந்து பம்ப் வரையுள்ள வழியைத்தான் முதலில் பார்க்கிறார். அந்த வழியில் உட்கார்ந்திருப்பது பில்டர். அது அடைபடுவதற்கு மீனவரின் அறியாமையையோ பாஸின் அசட்டையையோ காரணமாகச் சொல்வது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பில்டருக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், அது கெட்டால் நட்டப்படுபவர் வேறொருவர் என்பதிலிருந்துதான் இந்தக் கோளாறு தொடங்குகிறது.

பில்டருக்கு வரும் டீசலில் தண்ணீர் எங்கிருந்து கலக்கிறது என்று கேட்டால் பாதிப் பதில் கிடைத்துவிடும். 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வாயை மணல் மூடத் தொடங்கியபின் பெரிய படகுகள் உள்ளே வருவதும் போவதும் பெரும்பாடாகிவிட்டது. திறந்த கடலில் நங்கூரமிட்ட படகுக்கு டீசல் பரலிலும் கேனிலுமாகச் சின்னத் தோணியில் அலை கடந்து போக வேண்டும். திறக்கும் ஒவ்வொரு மூடியிலும் கொஞ்சம் உப்புத்தண்ணீர், கொஞ்சம் மணல். வாடைக்காலத்தில் படகு வாரக்கணக்கில் சும்மா கிடக்கும்போது, பாதி காலியான தாங்கிக்குள் ஈரக்காற்று புகுந்து இரவுக் குளிரில் வியர்த்துச் சொட்டுகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த மெல்லிய கோட்டில் ஹோர்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சணம் வளர்ந்து கறுப்புச் சளியாகப் படரும். விமானங்களின் எரிபொருள் தாங்கிகளிலேயே அடைப்பு உண்டாக்கிய பூஞ்சணம் அது. கடல் அமைதியாக இருக்கும்வரை இவையெல்லாம் அடியிலேயே கிடக்கும். காற்று எழும்பிப் படகு குலுங்கும்போது மொத்தமும் கலங்கி மேலே வந்து குழாய்க்குள் போகிறது. எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் பில்டர் அடைபடுகிறது என்றால், அதற்கு விதியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் எந்த பில்டர்? நுணுக்கமாக வடிப்பதே நல்லது என்பது பரவலான எண்ணம். முழுக்கச் சரியல்ல. தாங்கிக்கும் பம்புக்கும் நடுவே இருப்பது டீசலை உறிஞ்சும் பக்கம்; அங்கே 2 மைக்ரோன் காகிதத்தை வைத்தால் சீக்கிரம் அடைபட்டு பம்ப் மூச்சுத் திணறும், இணைப்புகளின் வழியே காற்றை இழுக்கும். அங்கே 30 அல்லது 10 மைக்ரோனும் தண்ணீர் பிரிக்கும் கிண்ணமும் வேண்டும். நுணுக்கமான வடிப்பை எஞ்சின்மேல் இருக்கும் இரண்டாவது பில்டர் பார்த்துக்கொள்ளும். அளவு பார்ப்பதிலும் ஒரு பிசகு நடக்கிறது. எஞ்சின் எரிப்பதைவிட அதிக டீசலை பம்ப் இழுத்து, மிச்சத்தைத் தாங்கிக்கே திருப்பி அனுப்புகிறது. செலவாகும் டீசலைக் கணக்கிட்டு வாங்கிய பில்டர் அந்த ஓட்டத்துக்குப் போதாது. கல்முனையில் ட்ரக்டருக்கும் லொறிக்கும் விற்கிற மலிவு பில்டரைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். ட்ரக்டர் நின்றால் வயலில் நிற்கும், ஆளனுப்பி பாஸைக் கூப்பிடலாம். படகுக்குத் தண்ணீர் தெரிகிற கிண்ணம் வேண்டும். அந்தக் கிண்ணத்துக்கு அடியில், தீப்பிடித்தால் உருகி ஊற்றாதபடி உலோகத் தட்டும் வேண்டும். பல நாள் கடலில் நிற்கும் படகு என்றால் இரண்டு பில்டரைப் பக்கம் பக்கமாக வைத்து நடுவே ஒரு வால்வு. ஒன்று அடைபட்டால் வால்வைத் திருப்பிவிட்டு எஞ்சினை நிறுத்தாமலே காகிதத்தை மாற்றலாம்.

பராமரிப்பில் சொல்ல அதிகமில்லை: ஒவ்வொரு காலையும் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவது, உறிஞ்சும் அழுத்தம் காட்டும் மானியின் முள் ஏறினால் காகிதத்தை மாற்றுவது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். எஞ்சின்மேல் உள்ள புது பில்டரில் வாளி டீசலை ஊற்றி நிரப்பிப் பூட்டுவது சில இடங்களில் பழக்கம். அதன் நடுத் துவாரத்தில் ஊற்றுவது வடிந்த பக்கத்தில் ஊற்றுவதாகும். வாளியின் அழுக்கு எந்தத் தடையுமின்றி நேரே இன்ஜெக்டருக்குப் போகிறது. கைபம்பால் நிரப்பி எயர் எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் பாஸ்மாருக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் நடப்பதில்லை? டீசல், ஐஸ், சாப்பாடு, இரை எல்லாம் பயணச் செலவு. மீன் விற்ற காசில் அதைக் கழித்துவிட்டு மீதியை முதலாளியும் கடலுக்குப் போனவர்களும் பங்கிட்டுக்கொள்வதுதான் பெரும்பாலான பல நாள் படகுகளின் வழக்கம். எஞ்சின் சாமான் மட்டும் முதலாளியின் கைக்காசு. ஆகவே பில்டரில் மிச்சம்பிடிப்பது அவருக்கு இலாபம். எஞ்சின் நின்றால் கடலில் வீணாகும் நாட்களும் ஐஸில் கெடும் மீனும் எல்லோருக்கும் நட்டம், உயிர்ப்பயம் மட்டும் படகில் இருப்பவர்களுக்கு. முதலாளியைக் கொடியவராக்கிப் பேசுவதும் நியாயமில்லை. பலர் மீன் கொம்பனிக்காரரிடம் முற்பணம் வாங்கித்தான் படகை அனுப்புகிறார்கள். அந்தக் கடனுக்காக மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். படகு கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் கடன் அப்படியே நிற்கிறது. 2022 இல் டீசல் லீற்றர் 460 ரூபாய் வரை ஏறியபோது இந்தக் கழுத்துப்பிடி இன்னும் இறுகியது. கிடைத்த டீசலை, அது எங்கே, எதில் கிடந்தது என்று கேளாமல் ஊற்றிக்கொண்டு கிளம்பத்தான் வேண்டியிருந்தது.

அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்பவர்களுக்கு ஒன்று. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனைத் தடைசெய்ததும், பல நாள் படகுகளில் இருக்கும் இடம் காட்டும் கருவி பூட்டும் வேலை வேகமாக நடந்தது; அடுத்த ஆண்டே தடை நீங்கியது. வாங்குபவர் கேட்டதால் படகு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வழி பிறந்தது. அது ஏன் நிற்கிறது என்று வாங்குபவர் கேட்கப்போவதில்லை. எனவே மாற்றம் பங்குக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்: பில்டரும் ஐஸைப்போல, பயணச் செலவில் ஒரு வரியாக ஏறட்டும். முதலாளியின் எஞ்சினுக்குக் கூலியாள் பணம் கட்டுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எஞ்சின் நின்ற நாட்களின் கூலியை அவர் ஏற்கெனவே இழந்துகொண்டுதான் இருக்கிறார். பயணச் செலவில் ஏறினால், தன் பங்கைக் கட்டுவதோடு, கிளம்புமுன் பில்டர் மாற்றினீர்களா என்று கேட்கும் உரிமையும் அவருக்கு வரும்.