மொரிசியசுக்கு ஒரு பயணத் திட்டம்

வரும் மே விடுமுறையில் மொரிசியசுத் தீவுக்குச் செல்லலாம் என்று அப்பா கூறியதும், அக்காள் தங்கையர் எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலமாம், அதனால்தான் மே. தம்பிக்கு டோடோ பறவையின் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டும். நாங்களோ கடற்கரைகளின் பெயர்களைப் பக்கம் பக்கமாக எழுதினோம். (கணக்கில் இந்த அக்கறை இருந்திருந்தால்!)

பாட்டி ஒன்றும் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின்போதுதான், "எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவரு. திரும்பவே இல்ல. அவரு பேரு அங்க இருக்கான்னு பாருங்கம்மா" என்றார்.

1834 முதல் அங்கு சென்ற ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் ஏறி வந்த 16 கற்படிகளும் இருக்கின்றன. ஆனால் பாட்டிக்கு எண் தெரியாது, கப்பல் தெரியாது, ஆண்டும் தெரியாது. பெயர் முனியன், அவ்வளவே. அந்த ஏடுகளில் எத்தனை முனியன்களோ!

கடற்கரைகளில் மூன்றை அடித்துவிட்டு, முதல் நாளுக்கு 'மோக்கா' என்று எழுதியுள்ளோம். பாட்டிக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று.